கையாலேயே கழன்ற போல்ட்

சனிக்கிழமை ரெஜிஸ் ஊரைவிட்டுப் போகிறான் என்ற செய்தி ஒடீலின் காதுக்கு நாலு வாய் தாண்டி வந்து சேர்ந்தது. ரொட்டிக்கடையில் சொன்னார்கள், தபால் அலுவலகத்தில் சொன்னார்கள், மாதா கோயில் மணியடிப்பவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி வேலை மெனக்கெட்டுச் சொல்லிவிட்டுப் போனார். சொல்ல வேண்டியவன் மட்டும் சொல்லவில்லை. ரெஜிஸ் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கடை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இவள் பட்டறை இந்தப் பக்கம். நடுவே இருபத்தைந்தடி தார்ச்சாலை. பதினோரு வருஷமாக அந்தத் தாரை இருவரில் ஒருவரும் தாண்டவில்லை.

எங்கள் ஊரில் இரண்டு வகை மனிதர்கள்தான். மத்தான் நகரத்திலிருந்து மேற்கே நதியை ஒட்டி வரும் சாலையில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை உப்பைக் கொட்டுகிறார்கள். கொட்டாவிட்டால் பனியில் வழுக்கிச் சாவோம். கொட்டினால் வண்டி துருப்பிடித்துச் சாகிறது. முதல் வகை மனிதன் ஒவ்வொரு அக்டோபரிலும் ரெஜிஸிடம் போய், துரு ஏறாமலிருக்க வண்டிக்கு அடியில் எண்ணெய் அடித்துக்கொள்வான். இரண்டாவது வகை மனிதன் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பான். அவன் ஒரு நாள் பிரேக்கை மிதிக்கும்போது கால் தரையோடு கீழே இறங்க, ஒடீலிடம் வந்து நிற்பான். அவள் துருவை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங் அடித்து அனுப்புவாள். ஆக அக்காவுக்கும் தம்பிக்கும் தொழிலில் போட்டியே கிடையாது. சண்டைக்குக் காரணம் வேறு.

காரணம் அப்பாவின் பிக்கப் வண்டி. பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஈஸ்டர் ஞாயிறு, பூசை முடிந்து ஊரே கோயில் வாசலில் நின்றது. அந்த மாதம்தான் ஒடீல் அப்பா வண்டியின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், ஓர் ஒட்டுப் போட்டிருந்தாள். ரெஜிஸ் புதுக் கோட்டோடு பனிச்சேற்றில் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சேஸிஸில் ஒரே குத்து. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்துக்குங்க, எங்க அக்கா கைவேலை. இதுல எங்கப்பன ஏத்தி அனுப்பியிருக்கா" என்றான். ஒடீலுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இனிமே என் பட்டறை வாசல மிதிச்சே, கால ஒடிச்சு கையில குடுத்துருவேன்" என்றாள். அவன் மிதிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்பா செத்தபோதுகூடச் சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள்.

இப்போது அவன் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஷெர்ப்ரூக் நகரத்துக்கே வரச் சொல்லிவிட்டாள். கடை கைமாறிவிட்டது. வாங்கியவனும் எண்ணெய்தான் அடிக்கப் போகிறான். ஊருக்கு ஒரு குறையும் இல்லை. ஒடீலுக்குத்தான் திங்கட்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. போகட்டுமே, எனக்கென்ன என்று வாயால் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமைக்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை பேசாவிட்டால் செத்த பிறகுதான் பேச வேண்டியிருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. முதலில் அவன் வரட்டும் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது அவனல்ல, மார்செலின் கிழவி. ஒரு கையில் மேப்பிள் சர்க்கரைப் பணியாரத் தட்டு, மறு கையில் கார் சாவி. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஒடீலையும் ரெஜிஸையும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த வயதில் ஏற்றிப்போனவள். ஊரே பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

"பின்பக்க ஷாக் அப்சார்பர் போயிருச்சுடி. குழியில எறங்கினா பல்லு செட்டு கழண்டு மடியில விழுது."

"வண்டிக்கு என்ன வயசாச்சு, பெரியம்மா?"

"பதினெட்டு. எனக்கு எழுபத்தொண்ணு. ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல அடி கழண்டு விழும்னுதான் பாக்கறேன்."

ஒடீல் சிரித்துக்கொண்டே நீலக் காரை லிஃப்டில் ஏற்றினாள். ஏற்றியதும் கை தானாக கேஸ் டார்ச்சுக்குத்தான் போயிற்று. இதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உப்பு தின்ற நாட்டில் ஸ்பேனர் என்பது சுவரில் அழகுக்கு மாட்டி வைக்கிற சாமான். போல்ட்டைப் பார்த்தால் முதலில் நெருப்பு, பிறகு சுத்தியல், அதற்கும் அசையாவிட்டால் கிரைண்டர். பத்து போல்ட்டில் ஒன்பது தலை ஒடிந்துதான் வரும். முப்பது வருஷமாக அப்படித்தான். ஸ்பேனர் போட்டுச் சுற்றிப் பார்க்கலாமே என்று இங்கே ஒரு மெக்கானிக்குக்கும் தோன்றவே தோன்றாது.

டார்ச்சைப் பற்றவைத்து ஜ்வாலையை போல்ட்டில் காட்டினாள். போல்ட் சிவக்கவில்லை. வண்டி பற்றிக்கொண்டது.

"ஐயையோ, என் வண்டி!"

ஒடீல் திருப்பலிக் கிண்ணம், நற்கருணைப் பேழை, பீடத்து மெழுகுவர்த்தி என்று எங்கள் ஊரில் வசவாகிவிட்ட கோயில் பாத்திர பண்டங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லித் திட்டிக்கொண்டே டார்ச்சை அணைத்துவிட்டு, தீயணைப்பான் உருளையை எடுத்துப் பொடியை அடித்தாள். நாலு நொடியில் அணைந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது, அவ்வளவுதான். பட்டறை முழுக்க வறுத்த எண்ணெய் வாசனை.

"எண்ணெய் ஊறின வண்டிக்கு நெருப்பு வைக்கிறியே, புத்தி இருக்காடி உனக்கு?" என்றாள் மார்செலின். பயம் தெளிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெஜிஸ் அப்பவே சொன்னான். 'பெரியம்மா, எங்க அக்காகிட்ட வண்டிய விட்டா நெருப்பு வைக்க வேணாம்னு சொல்லுங்க, கேக்க மாட்டா, இருந்தாலும் சொல்லுங்க'ன்னான்."

"பின்ன ஏன் சொல்லல?"

"எங்கடி சொல்ல விட்டே? அவன் பேர எடுத்தாலே ரேடியோவ சத்தமா வைக்கிறவதானே நீ."

உண்மை. ஒடீல் டார்ச்சைக் கொக்கியில் மாட்டினாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரை எடுத்து, தூசி துடைத்து, போல்ட்டில் போட்டு, ஒடியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

போல்ட் சுற்றியது. சத்தம்கூட இல்லை. இரண்டு சுற்று ஸ்பேனரில், மீதியை விரலாலேயே கழற்றிவிட்டாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மரை முழுக்க கிரீஸ், கடையில் அன்றைக்கு வாங்கினதுபோல மினுமினுப்பு. யாரோ அதை முன்பே கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அடுத்த போல்ட். அதுவும் அப்படியே. நாலும் அப்படியே. எண்ணெய் அடிக்கிறவன் செய்ய வேண்டிய வேலை அல்ல இது. யாரும் கேட்கவும் மாட்டார்கள், செய்தால் தெரியவும் தெரியாது.

"மடையன்" என்றாள் ஒடீல். "கூறு கெட்டவன். இதுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!"

புது ஷாக் அப்சார்பரை மாட்டிவிட்டு, வேறு எங்காவது கருகியிருக்கிறதா என்று கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியின் அடி முழுக்கப் பார்த்தாள். எண்ணெயும் அதில் ஒட்டிய மண்ணுமாகக் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் அடித்தவுடன் வண்டியை மண்சாலையில் ஓட்டிப் புழுதி பிடிக்க வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அங்கே அவளே போட்ட ஓர் ஒட்டு இருந்தது. மார்செலின் ஒரு குளிர்காலத்தில் பனிமேட்டில் ஏற்றி அடியைக் கிழித்துக்கொண்டு வந்தபோது வைத்த தகடு. பன்னிரண்டு வருஷம் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் புழுதி இல்லை. துடைத்து, தடவி, மறுபடி துடைத்துத் தடவியிருந்தது. குழாயில் அடித்த எண்ணெய் பனிமூட்டம்போலப் படிந்திருக்கும். இது அப்படி இல்லை. கோடு கோடாக, தகட்டின் நாலு விளிம்பையும் சுற்றி, பிரஷ் போன தடம் தெரிந்தது. அடியில் அவள் அன்றைக்குப் பூசிய சாம்பல் பெயிண்ட் ஒரு பொட்டு உரியாமல் அப்படியே இருந்தது.

"பெரியம்மா, இது என்ன?"

மார்செலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "உன் தையல்தானே? அதுக்கு மட்டும் அவன் பிரஷ்தான். மத்த எடத்துக்கு மெஷின்ல அடிச்சுட்டு, ஒரு டப்பாவத் தூக்கிக்கிட்டு அடியில படுத்துருவான். நானும் கேட்டேன். 'அதுல வேகமா காத்து அடிக்கக் கூடாது பெரியம்மா'ன்னான். எனக்கு மட்டுமில்ல, இந்த ஊர்ல உன் ஒட்டு இருக்கிற எல்லா வண்டிக்கும் அப்படித்தான். ஒம்பது வருஷமா நான் பாக்கறேன்."

"ஒம்பது வருஷமா?"

"உங்கப்பன் போனதுல இருந்து."

ஒடீல் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. ஐம்பத்தைந்து வயதுப் பெண், துருப்பிடித்த போல்ட் கையைக் கிழித்தபோதெல்லாம் ஒரு சொட்டு கண்ணீர் விடாதவள், ஒரு கறுத்த தகட்டைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். அவள் வேலையை ஊர் நடுவே குத்திக் கிழித்தவன் ஒன்பது இலையுதிர்காலமாக அவள் வேலையைத்தான் மல்லாந்து படுத்துப் பாதுகாத்திருக்கிறான். அவளோ அவன் பேரைக் கேட்காமலிருக்க ரேடியோ வைத்திருக்கிறாள்.

"அழுது முடிச்சாச்சுன்னா ஒண்ணு சொல்லவா?" என்றாள் மார்செலின். "கருகின எடத்துக்கு எண்ணெய் போடணும். அத நீ போட முடியாது. உன்கிட்ட ஏது எண்ணெய்?"

ஒடீல் எழுந்து சாவியை எடுத்தாள். "வர்றீங்களா?"

"நான் எதுக்கு? இங்கயே ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கேன். பணியாரம் வேற ஆறுது."

காரை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, இருபத்தைந்தடி தாரைத் தாண்டி, ரெஜிஸின் கடை முன்னால் நிறுத்தினாள். உள்ளே பீப்பாய்கள் போய்விட்டன, கம்ப்ரசர் போய்விட்டது. நடுவில் அவனுடைய வெள்ளை வேன் மட்டும் ஜாக்கி மேல் நின்றது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"கடை மூடியாச்சு" என்றன கால்கள்.

ஒடீல் வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வேனுக்கு அடியில் தட்டுகிற சத்தம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் அவளுடைய பூட்ஸ்தான் தெரியும்.

"பெரியம்மா வண்டிக்கு கொஞ்சம் எண்ணெய் வேணும்" என்றாள் ஒடீல். "ஒரு எடத்துல போயிருச்சு."

"எப்படிப் போச்சு?"

"எரிஞ்சு போச்சு."

வேன் லேசாக ஆடியது. அடியில் கிடந்தவன் சிரிக்கிறான்.

"டார்ச் வச்சியா?"

"வச்சேன்."

"மொதல்ல ஸ்பேனர் போட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"அது கையாலயே வருமே, அக்கா."

அக்கா என்ற சொல்லைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒடீல் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, ஒரு தடவகூட வரல நீ? எதிர்த்த கடைதானேடா?"

"கால ஒடிச்சுருவேன்னியே."

"சொன்னா? ஒடிச்சுருவேனா?"

"உன்னைத் தெரியாதா எனக்கு? ஒடிச்சாலும் ஒடிப்பே." குரல் இறங்கியது. "மொத ரெண்டு வருஷம் கோபத்துல வரல. அப்புறம் அப்பா சாகறதுக்கு முந்தி சொல்லிட்டாரு. அந்த சேஸிஸ் தாங்காதுன்னு நீ சொன்னியாம். இன்னும் ஒரே ஒரு குளிர்காலம், மீன்பிடிக்கப் போற வரைக்கும்னு அவருதான் கெஞ்சினாராம். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"நான் மட்டும் என்ன யோக்கியம்?" என்றாள் ஒடீல். "சுத்தி இருந்த இரும்பு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சேதான் ஒட்டு வச்சேன். கெஞ்சினா வச்சுடறதா? நீ சொன்னது சரி. சொன்ன எடம்தான் தப்பு. ஊரக் கூட்டி வச்சுக்கிட்டு சொன்னே பாரு, அதுதான்டா எனக்கு ஆறவே இல்ல."

"தெரியும்" என்றது வேனின் அடி. "தப்புதான், அக்கா. மன்னிச்சுரு."

அவன் வெளியே வரவில்லை. கண் சிவந்திருக்கும், அதைக் காட்ட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் என்று குனிந்து வேனின் அடியைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மண்டியிட்டாள்.

"அடப்பாவி! இது என்னடா?"

வேனின் ஓரச் சட்டம் முழுக்கத் துரு. இரண்டு கையகல ஓட்டை. அதன் மேல் ஒரு பழைய நம்பர் பிளேட்டை வைத்து ரிவெட் அடித்துக்கொண்டிருக்கிறான் மகாராசன்.

"ஊர் வண்டிக்கெல்லாம் எண்ணெய் அடிச்சியே, உன் வண்டிக்கு?"

"அக்டோபர்ல எனக்கு ஏது நேரம்?"

"இதுலயா ஷெர்ப்ரூக் போறே? அறுநூறு கிலோமீட்டர்டா! பாதி வழியில சீட்டோட ரோட்டுல உக்காந்திருப்பே. மத்தான்ல ஒருத்தன் வெல்டிங் பண்றானே, அவன்கிட்டயாவது குடுத்திருக்கலாமே?"

ரெஜிஸ் மெதுவாக வெளியே வந்தான். முடி கொட்டி, நெற்றியெல்லாம் எண்ணெய். "நீ எதிர்லயே இருக்கும்போது அவன்கிட்ட எப்படிக் குடுப்பேன்?" என்றான்.

ஒடீல் அந்த நம்பர் பிளேட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தாள். அதோடு ஒரு பிடித் துருவும் வந்தது. "நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி என் பட்டறையில நிக்கணும். வரலேன்னா நிஜமாவே ஒடிப்பேன்."

எட்டு மணிக்கு முன்பே நின்றது. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் அவள் வேறு வேலை தொடவில்லை. இந்தத் தடவை யார் கெஞ்சினாலும் கேட்கிறதாக இல்லை. செத்த இரும்பை ஓர் அங்குலம் விடாமல் வெட்டினாள். நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போனதில் ஒரு பக்கச் சட்டமே காணாமல் போய்விட்டது. "மிச்சம் ஏதாவது வை, அக்கா, உக்காந்து போகணும்" என்று ரெஜிஸ் புலம்பினான். மதியம் பட்டாணி சூப்பைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். பழைய கதை அதிகம் பேசவில்லை. அவன் தகட்டைப் பிடித்தான், இவள் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. அதற்குள் செய்தி பரவி, மார்செலின், மணியடிப்பவர், ரொட்டிக்கடைக்காரர் என்று ஏழெட்டுப் பேர் பட்டறை வாசலில் கூடிவிட்டார்கள். ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனால் வந்தது வேடிக்கை பார்க்க. ஒடீல் யாரையும் போகச் சொல்லவில்லை.

"ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்கியா?" என்று தம்பியைக் கேட்டாள்.

அது எப்போதும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கும். அவன் முகம் விழுந்துவிட்டது. "எதுக்கு, அக்கா?"

"குத்து."

"வேணாம். பாத்தாலே தெரியுதே."

"நான் பாக்கச் சொல்லல. குத்துன்னா குத்து. தடவிக்கிட்டு நிக்காத. அன்னிக்குக் குத்தின மாதிரி குத்து."

ரெஜிஸ் லிஃப்டுக்கு அடியில் போனான். ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பலத்தையெல்லாம் கூட்டி, ஒட்டில் குத்தினான். ணங் என்றது. நகர்ந்து, ஒட்டுக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்தினான். அன்றைக்கு உள்ளே போன இடம் அப்படிப்பட்ட இடம்தான். ணங் என்றது. அந்தப் பக்கச் சட்டம் நெடுகக் குத்திக்கொண்டே போனான். ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. கடைசிக் குத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனைதான் வளைந்தது.

அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். கோயில் வாசலில் பேசின அதே குரல், அத்தனை பேருக்கும் கேட்கிற குரல். "பாத்துக்குங்க. எங்க அக்கா கைவேலை."

மணியடிப்பவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. ஒடீல் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வேல வெட்டி இல்லையா உங்களுக்கெல்லாம்?" என்று எல்லோரையும் விரட்டினாள்.

சனிக்கிழமை காலை, புறப்படுவதற்கு முன், ரெஜிஸ் கடைசியாக மிச்சம் வைத்திருந்த அரை டப்பா எண்ணெயோடு வேனுக்கு அடியில் படுத்தான். ஒடீல் விளக்கைப் பிடித்தாள். மார்செலின் காரின் கருகின இடத்துக்குச் செவ்வாய்க்கிழமையே தடவிக் கொடுத்துவிட்டான். இப்போது வேனின் புது ஒட்டை நாலு விளிம்பும் சுற்றி, கோடு கோடாக, அவசரமே இல்லாமல் தடவினான்.

"இது எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம். அதுக்கு மேல காஞ்சுரும். வருஷா வருஷம் அடிக்கணும். அக்டோபர்ல வந்து அடிச்சுக்கிட்டுப் போறேன்."

"ஏன், ஷெர்ப்ரூக்ல எண்ணெய் அடிக்க ஆளில்லையா?"

"இருக்காங்க" என்றான் ரெஜிஸ். பிரஷை டப்பாவில் தோய்த்து வழித்தான். "அவங்க மெஷின்ல அடிப்பாங்க, அக்கா."

ஒடீல் விளக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டினாள். "நவம்பர்ல உப்பு போட ஆரம்பிச்சுருவானுங்க" என்றாள். "அதுக்குள்ள வந்துரு."